பழைய தெருவுக்கு உயிரூட்டுவது எப்படி: ஜார்ஜ் டவுன் காட்டும் வேலை வரிசை

கூரை ஒழுகி, பாதி வீடுகள் பூட்டிக் கிடந்து, இருட்டியதும் ஆள் நடமாட்டம் அற்றுப்போகும் ஒரு பழைய நகரப் பகுதியை மக்கள் தேடி வரும் இடமாக மாற்ற முடியும். பல நாடுகளில் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். அப்படி மாறிய பிறகும் அங்கே முன்பிருந்த குடும்பங்களும் தொழிலாளிகளும் அதே தெருவில் தங்கியிருக்கிறார்களா என்பதுதான், என் பார்வையில், வேலை சரியாக நடந்ததா என்று அளக்கும் கோல். மலேசியாவின் பினாங்கு மாநிலத் தலைநகரான ஜார்ஜ் டவுன் இதைக் கற்றுக்கொள்ள மிகத் தகுந்த நகரம். 2000 ஆம் ஆண்டு வாக்கில் காலியாகிக்கொண்டிருந்த அதன் பழைய தெருக்கள் இன்று சுவரோவியங்களும் காப்பிக் கடைகளும் சிறு விடுதிகளும் நிறைந்து களைகட்டியிருக்கின்றன. அதே காலத்தில் அங்கிருந்து வீட்டைக் காலி செய்துகொண்டு போன குடும்பங்களும் ஏராளம். இவ்விரண்டும் ஏன் நடந்தன என்பதைத் துணையாக வைத்து, குடியிருப்போர் சங்கங்களும் வணிகர் சங்கங்களும் கட்டட உரிமையாளர்களும் மன்ற உறுப்பினர்களும் தம் ஊரில் இந்த வேலையை எந்த வரிசையில் எடுத்துச் செய்ய வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன். முதலில் குடியிருப்பு உரிமை, அடுத்து கூரையும் சுவரும், பிறகு தெரு, கடைசியாகவே ஓவியமும் விழாவும். இந்த வரிசையைப் புரட்டிப் போடும் ஊர்களில்தான் பெரும்பாலும் மக்கள் வெளியேறுகிறார்கள்.

யார் வீடு, யார் குடித்தனம்

எந்த வரைபடமும் போடுவதற்கு முன்னால் தெருத் தெருவாக, வீடு வீடாகச் சென்று கணக்கெடுங்கள். ஒவ்வொரு கட்டடத்துக்கும் உரிமையாளர் யார், குடியிருப்பவர் யார், எழுத்து ஒப்பந்தம் உண்டா, உண்டென்றால் எப்போது முடிகிறது, கீழ்த்தளத்தில் என்ன தொழில் நடக்கிறது, மேல்தளத்தில் ஆள் இருக்கிறார்களா, கூரை எந்த நிலையில் இருக்கிறது என்ற அளவில் குறித்தால் போதும். இந்தக் கணக்கு இல்லாமல் தொடங்கும் திட்டங்களில், கட்டடங்களுக்குப் பட்டியல் இருக்கும், மனிதர்களுக்கு இருக்காது.

கணக்கெடுக்கும்போது நிறுவன உரிமையாளர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஜார்ஜ் டவுனில் சீனக் குலச் சங்கங்களான கொங்சிகளும், கோயில்களும், பள்ளிவாசல்களின் அறச்சொத்து அமைப்புகளான வக்புகளும் வரிசை வரிசையாகக் கடைவீடுகளை, அதாவது கீழே கடையும் மேலே வீடுமான கட்டடங்களை, வைத்திருக்கின்றன. தமிழ் முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் 1801 இல் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்குக் கிழக்கிந்தியக் கும்பினி 18 ஏக்கர் நிலம் வழங்கியது. அந்த வக்பு நிலத்தின் மேல் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் வாழ்ந்து வந்தன. நூறு தனி உரிமையாளர்களிடம் நூறு முறை பேசுவதற்குப் பதிலாக, ஒரு கோயில் அறங்காவலர் குழுவிடம் ஒருமுறை பேசி இருபது வீடுகளுக்கு ஏற்பாடு செய்ய முடியும். அறக்கட்டளைகளுக்கு விற்று லாபம் பார்க்கும் அவசரமும் பொதுவாகக் குறைவு. நம் ஊர்களில் கோயில் மனைகளும் மடத்துச் சொத்துகளும் நகரின் நடுவில் எவ்வளவு இருக்கின்றன என்பதை எண்ணிப் பார்த்தால் இந்த வழியின் பயன் விளங்கும்.

வாடகை உறுதிதான் முதல் பணி

ஜார்ஜ் டவுனில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாப் படிகளும் இதில்தான் நிற்கின்றன. மலேசியாவின் 1966 ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 பிப்ரவரிக்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை ஏறவிடாமல் பிடித்து வைத்திருந்தது. அதனால் பழைய நகரின் நடுவில் கூலித் தொழிலாளிகளும், கைவினைஞர்களும், சிறு வணிகர்களும் குறைந்த வாடகையில் வாழ முடிந்தது. மறுபக்கம், வரும் வாடகை கூரை மாற்றக்கூடப் போதாததால் உரிமையாளர்கள் கட்டடங்களைக் கவனிக்காமல் விட்டார்கள். 1997 இல் இயற்றப்பட்ட நீக்கச் சட்டம் ஓர் இடைக்காலத்தை அளித்து, 1999 டிசம்பர் இறுதியோடு கட்டுப்பாட்டை முடித்துவைத்தது. 2000 பிறந்ததும் பழைய நகரில் வாடகை பல மடங்கு ஏறியது, வெளியேற்ற அறிவிப்புகள் வந்தன, குடும்பங்கள் புறநகர் அடுக்குமாடிகளுக்குப் போயின. 2008 ஜூலை 7 அன்று மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றபோது, 259 ஹெக்டேருக்குச் சற்று அதிகமான அந்தப் பரப்பில் பல தெருக்கள் ஏற்கெனவே ஆளற்றுக் கிடந்தன. 2009 கணக்கெடுப்பின்படி அங்கே குடியிருந்தவர்கள் ஏறத்தாழ 10,000 பேர் மட்டுமே. சுற்றுலா பெருகிய அடுத்த சில ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை மேலும் குறைந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முடிவு, வாடகையை என்றைக்குமாக உறையவைப்பதும் தவறு, ஒரே நாளில் அவிழ்த்துவிடுவதும் தவறு என்பதே. முன்னது வீட்டை அழிக்கிறது, பின்னது குடியை அழிக்கிறது. இடைப்பட்ட வழிகள் இருக்கின்றன.

ஒன்று, முத்தரப்பு ஒப்பந்தம். பொது நிதி பழுதுபார்க்கும் செலவில் ஒரு பங்கைத் தருகிறது, உரிமையாளர் ஒரு பங்கைப் போடுகிறார், இயன்றால் குடியிருப்பவரும் சிறு பங்கு தருகிறார். அதற்கு ஈடாக, இருக்கும் குடித்தனக்காரருக்கே குறைந்தது 10 ஆண்டு ஒப்பந்தமும், ஆண்டுதோறும் வாடகை எவ்வளவு ஏறலாம் என்ற வரம்பும் எழுத்தில் தரப்படுகின்றன. இப்படிப்பட்ட ஏற்பாடு ஜார்ஜ் டவுனில் கோயில் சொத்தாக இருந்த வீடுகளில் சிறிய அளவில் கையாளப்பட்டிருக்கிறது. மானியம் கொடுக்கும் எந்த அமைப்பும் இந்த நிபந்தனையை எழுதாமல் ஒரு காசுகூடக் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பொதுப் பணத்தில் கூரை மாற்றிய வீட்டிலிருந்து அடுத்த ஆண்டே குடும்பத்தை வெளியேற்றினால், அந்தப் பணம் வெளியேற்றத்துக்குக் கொடுத்த உதவித்தொகையாகிவிடும்.

மற்றொன்று, கடைகளுக்கான பாதுகாப்பு. தென்கொரியா 2018 இல் தன் வணிகக் கட்டட வாடகைப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, கடைக்காரர் ஒப்பந்தப் புதுப்பிப்பைக் கோரும் உரிமையை 5 ஆண்டுகளிலிருந்து 10 ஆண்டுகளாக நீட்டியது. சியோலில் ஒரு தெரு பேர் பெற்றவுடன் அந்தப் பேரை வாங்கித் தந்த கடைக்காரர்களே வாடகை தாங்காமல் வெளியேறிய அனுபவம் அதற்குப் பின்னணியில் இருந்தது. சான் பிரான்சிஸ்கோ நகரம் 2015 இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் ஒரு நிதியம் அமைத்தது. 30 ஆண்டுகளுக்கு மேல் இயங்கிவரும் கடைகளைப் பதிவு செய்து அவற்றுக்கும், அவற்றுக்கு நீண்டகால ஒப்பந்தம் தரும் கட்டட உரிமையாளர்களுக்கும் அந்த நிதியத்திலிருந்து மானியம் கொடுக்கிறது. உங்கள் மாநிலத்தில் சட்டம் இடம் கொடுக்காவிட்டாலும், வணிகர் சங்கமும் உரிமையாளர்களும் கூடி ஒரு மாதிரி ஒப்பந்தப் படிவத்தை ஏற்படுத்திக்கொள்வதை யாரும் தடுக்க முடியாது.

கூரையிலிருந்து கீழே இறங்குங்கள்

உரிமை உறுதியானதும் கட்டடத்துக்கு வரலாம். முகப்புக்கு வண்ணம் பூசுவது கண்ணுக்குத் தெரியும் வேலை என்பதால் எல்லோரும் அதையே முதலில் செய்ய விரும்புகிறார்கள். அதைக் கடைசியில் வையுங்கள். பழைய கட்டடத்தின் முதல் பகை தண்ணீர். அது மேலிருந்து ஒழுகியும் கீழிருந்து ஏறியும் வரும்.

கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றுவதோடு நிறுத்தாமல், இரண்டு வீடுகளுக்குப் பொதுவான சுவரின் மேல் கூரை வந்து முட்டும் இடத்தையும் மழைநீர் ஓடும் கால்வாயையும் பாருங்கள். ஒழுகல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். அந்த இடத்தில் நனைந்து நனைந்து உத்திரத்தின் சுவருக்குள் பொதிந்த முனை உளுத்துப்போயிருக்கும், வெளியே தெரியும் பகுதி மட்டும் நன்றாக இருக்கும். உளியால் மெல்லக் குத்திப் பார்த்தால் மரம் கெட்டியா, பொதபொதவென்று இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். கெட்ட முனையை மட்டும் வெட்டி அதே வகை மரத்தை ஒட்டுப்போடத் தெரிந்த தச்சர் கிடைத்தால் முழு உத்திரத்தையும் மாற்றும் செலவு மிச்சமாகும்.

அடுத்து சுவர். ஜார்ஜ் டவுன் கடைவீடுகளும், நம் ஊர்ப் பழைய வீடுகளைப் போலவே, செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டியவை. அடித்தளத்தில் ஈரத் தடுப்பு அடுக்கு கிடையாது. மண்ணிலுள்ள ஈரம் சுவரில் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம்வரை ஏறும். சுண்ணாம்புப் பூச்சு நுண்துளைகள் கொண்டதால் அந்த ஈரம் வெளியே ஆவியாகிவிடும், சுவரும் நெடுநாள் நிற்கும். ஆனால் பழுதுபார்க்கிறேன் என்று யாரோ ஒருவர் சிமெண்டைப் பூசி, அதன் மேல் பிளாஸ்டிக் வண்ணமும் அடித்துவிட்டால், ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறும். அதோடு வந்த உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி, செங்கல்லைப் பொடியாக உதிர்க்கும். சுவரில் ஓதம் ஏறி, உப்புப் பூத்து, வண்ணம் பொரிந்து உதிர்வதைப் பார்த்தால், அதன் மேல் மறுபடியும் சிமெண்டைப் பூசாதீர்கள்.

செய்ய வேண்டியது பொறுமையான வேலை. சிமெண்டுப் பூச்சை உடைத்தெடுத்து, ஓதம் ஏறிய உயரத்துக்கு மேலும் கொஞ்சம் தள்ளி, செங்கல் தெரியும்வரை சுரண்டிவிட வேண்டும். வெளியே பூக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி அள்ளிக் குப்பையில் போட வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் உள்ளே போய்விடும். சுவர் உலரப் பல வாரங்கள் விட வேண்டும். பிறகு, நீற்றிச் சில வாரங்களாவது ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்குக்கு நன்கு கழுவிய மணல் மூன்று பங்கு சேர்த்துக் குழைத்து, மெல்லிய பூச்சுகளாக, ஒன்று இறுகிய பின் மற்றொன்றாகப் பூச வேண்டும். வெயில் நேரடியாகப் படாமல் ஈரச் சாக்கு தொங்கவிட்டு மெதுவாக உலரவிட்டால் பூச்சு வெடிக்காது. மேலே வண்ணம் வேண்டுமானால் சுண்ணாம்பு நீரில் இயற்கை நிறப்பொடி கலந்து அடிக்கலாம். இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் அருகி வருகிறார்கள். ஆகவே, திட்டத்தின் முதல் ஐந்தாறு வீடுகளை இளம் கொத்தனார்களுக்கான பயிற்சிக் களமாகவே நடத்துவது நல்லது. அப்போது பழுதுபார்க்கும் பணம் உள்ளூரிலேயே தங்கும்.

இன்னும் ஒன்று. கடைவீட்டின் நடுவில் வானம் பார்த்துத் திறந்திருக்கும் முற்றத்தை மூடிவிட்டுக் குளிர்சாதனம் வைப்பது இப்போது வழக்கமாகியிருக்கிறது. நீண்டு ஒடுங்கிய அந்த வீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் வரும் முக்கிய வழி அதுதான். மூடிய வீட்டில் ஓதம் கூடும். முற்றத்தை மூட அனுமதி தராதீர்கள்.

நடைவழியும் சாக்கடையும்

தெருவில் செய்ய வேண்டியவை சாதாரணமானவை, ஆனால் நகரமன்றம் மட்டுமே செய்யக்கூடியவை. கழிவுநீர்க் குழாய், மழைநீர் வடிகால், மின்கம்பிகள், விளக்கு, குப்பை அகற்றும் நேரம் ஆகியவற்றைச் சீர்செய்யாமல் தெருவில் அலங்காரக் கற்களைப் பதித்தால், அடுத்த ஆண்டு குழாய்க்காக அவற்றைப் பெயர்க்க நேரும். ஜார்ஜ் டவுன் கடைவீடுகளின் முன்னால் தொடர்ச்சியாக ஓடும் ஐந்தடி நடைவழி வெயிலுக்கும் மழைக்கும் புகலிடம். அதில் மோட்டார் சைக்கிள்களும் கடைச் சாமான்களும் அடைத்துக்கொண்டால் நடப்பவர்கள் சாலையில் இறங்க வேண்டியிருக்கிறது. புதுச்சேரியின் தமிழர் பகுதியில், வைசியாள் வீதி என்று வழங்கும் கால்வே சுப்பராய செட்டித் தெருவில், வீட்டு முகப்புகளையும் திண்ணைகளையும் தெருத் தாழ்வாரங்களையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின் கீழ் மீட்டெடுத்தார்கள். அந்தப் பணி 2008 இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதைப் பெற்றது. தனித்தனி வீடுகளாகப் பார்க்காமல் ஒரு தெருவின் முழுநீளத்தையும் எடுத்துக்கொண்டதே அதன் சிறப்பு. உங்கள் முதல் கட்டப் பணிக்கும் சிதறிய பத்து வீடுகளைக் காட்டிலும் ஒரே தெருவைத் தேர்ந்தெடுங்கள்.

பணத்தைச் சிறு சிறு பங்காகப் பிரியுங்கள்

மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான கசானா நேஷனல், 2009 இல் திங்க் சிட்டி என்ற அமைப்பை ஏற்படுத்தி, ஜார்ஜ் டவுனுக்காக 2 கோடி ரிங்கிட் மானிய நிதியை அதன் பொறுப்பில் கொடுத்தது. அந்தத் தொகை ஒரே பெரிய கட்டுமானத்துக்குப் போகாமல், உரிமையாளர்களும் சங்கங்களும் தம் பங்கையும் போட்டுச் செய்யும் பல சிறு பணிகளாகப் பிரிந்தது. கூரை, சுவர், சிறு பூங்கா, ஆவணப்படுத்தல், பயிற்சி என்று சிறிய தொகைகள் பலருக்குச் சென்றதால், பலருக்கும் இது தம்முடைய வேலை என்ற எண்ணம் வந்தது. பெரிய ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் முழுத் தெருவையும் ஒப்படைப்பதைவிட இது நிதானமானதே, ஆனால் நிலைக்கும்.

ஓவியமும் விழாவும் எப்போது

2012 இல் ஜார்ஜ் டவுன் விழாவுக்காக லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகரெவிச் பழைய சுவர்களில் ஓவியங்கள் வரைந்தார். ஆர்மேனியன் தெருவில், சுவரோடு பொருத்திய உண்மையான சைக்கிளில் இரண்டு பிள்ளைகள் சிரித்தபடி போகும் ஓவியம் உலகமெங்கும் பரவியது. அதன் முன் படமெடுக்க மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். அந்த ஓவியம் அழகானது, அதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் கூட்டம் வந்த வேகத்துக்கு அந்தத் தெருவின் வாடகை ஒப்பந்தங்கள் தயாராக இருக்கவில்லை. அன்றாடத் தேவைக்கான கடைகள் இருந்த இடங்களில் நினைவுப்பொருள் கடைகளும் ஐஸ்கிரீம் கடைகளும் வந்தன. கடல்மேல் கால்நட்டுக் கட்டிய சீனக் குலத் துறை வீடுகளில் குடியிருப்பவர்கள், தம் வாசலில் வந்து எட்டிப் பார்ப்பவர்களுக்கு நேரக் கட்டுப்பாட்டுப் பலகை வைக்கும் நிலை வந்தது.

ஆகவே, கூட்டத்தை ஈர்க்கும் முயற்சிகளைக் குடியிருப்புத் தெருவுக்குச் சற்றுத் தள்ளி, காலியான பெரிய கட்டடங்களில் தொடங்குங்கள். அதற்கும் பினாங்கிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1947 இல் கட்டப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட ஹின் பேருந்துப் பணிமனை, 2014 இல் ஓவியக் கூடமாகத் திறக்கப்பட்டது. இன்று அங்கே கண்காட்சிகளும் ஞாயிறு சந்தையும் நடக்கின்றன, சுற்றிலும் சிறு தொழில்கள் தோன்றியிருக்கின்றன. யாரையும் வீட்டிலிருந்து கிளப்பாமல் ஓர் இடத்துக்கு உயிர் வந்தது. ஆலை, கிடங்கு, பணிமனை, மூடிய திரையரங்கு என்று உங்கள் ஊரிலும் இப்படிப்பட்ட கட்டடம் இருக்கும்.

சுவரில் ஓவியம் வரைவதென்றால் அந்தத் தெருவின் வாழ்க்கையிலிருந்து பொருளை எடுங்கள். ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் பூக்கட்டுபவர், மசாலா அரைப்பவர், நகைத் தொழிலாளி, குவீன் தெரு மாரியம்மன் கோயிலுக்கு வருவோர் ஆகியோரை நம்பியே தெரு இயங்குகிறது. அவர்களின் தொழில் நடக்கும்வரைதான் அந்தத் தெருவுக்குத் தனி மணம் உண்டு.

கட்டுப்பாடுகளை முன்கூட்டியே எழுதுங்கள்

ஜார்ஜ் டவுன் பாரம்பரியப் பகுதிக்கான சிறப்புப் பகுதித் திட்டம் 2016 இல்தான் அரசிதழில் வெளியானது, அதாவது பட்டியலில் இடம்பெற்று எட்டு ஆண்டுகள் கழித்து. அந்த எட்டு ஆண்டுகளில் தான் வாங்கல், விற்றல், விடுதியாக மாற்றல் எல்லாம் வேகமெடுத்தன. பட்டியலிட்ட கையோடு, 18 மீட்டர் உயர வரம்பை மீறும் விடுதித் திட்டங்களைப் பற்றிப் பெரும் சர்ச்சையும் எழுந்தது. காலியான கடைவீடுகளில், உணவாக விற்கும் கூடுகளுக்காக உழவாரக் குருவிகளை வளர்த்தவர்களை வெளியேற்ற 2013 வரை ஆனது. அந்தக் கட்டடங்களில் ஈரமும் எச்சமும் சேர்ந்து சுவர்களைக் கெடுத்ததோடு, அண்டை வீட்டாரையும் வாட்டின.

ஆகவே, விளம்பரம் தொடங்குமுன் மூன்று விதிகளையாவது மன்றத் தீர்மானமாக்குங்கள். கட்டட உயரத்துக்கு ஒரு வரம்பு. ஒரு தெருவில் எத்தனை கட்டடங்கள் விடுதியாகவோ மதுக்கூடமாகவோ மாறலாம் என்பதற்கு ஒரு வரம்பு. மேல்தளம் குடியிருப்பாகவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. மூன்றாவதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன், ஏனென்றால் இரவில் மாடி ஜன்னலில் விளக்கெரியும் தெருவில்தான் மளிகைக் கடையும் மருந்துக் கடையும் பிழைக்கும். இந்த விதிகள் மீறப்படும்போது தட்டிக்கேட்க, அரசு சாராத அமைப்பு ஒன்றும் தேவை. 1986 இல் தோன்றிய பினாங்கு பாரம்பரிய அறக்கட்டளை, கட்டடம் இடிக்கப்படும் ஒவ்வொரு முறையும் குரல் எழுப்பிவந்ததால்தான் பட்டியலிடுவதற்கு அங்கே ஏதோ மிஞ்சியிருந்தது.

ஆண்டுதோறும் எண்ண வேண்டியவை

வேலை தொடங்கிய பின், வந்துபோகும் பயணிகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து வெற்றியைக் கணக்கிடாதீர்கள். முதலில் எடுத்த வீட்டுக் கணக்கை ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில் புதுப்பித்து, பழைய குடும்பங்களில் எத்தனை இருக்கின்றன, பத்தாண்டுக்கு மேற்பட்ட கடைகளில் எத்தனை நடக்கின்றன, அன்றாடப் பொருள் விற்கும் கடைகள் கூடினவா குறைந்தனவா, பக்கத்துப் பள்ளியில் அந்தத் தெருப் பிள்ளைகள் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதைக் கணக்கெடுத்துத் தெருவிலேயே அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள். பழைய குடும்பங்கள் ஓராண்டில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அந்த ஆண்டு புதிய விடுதி உரிமங்களையும் விழாச் செலவையும் நிறுத்திவைத்து, அந்தப் பணத்தை வாடகை ஒப்பந்தங்களுக்கும் கூரைப் பழுதுக்கும் திருப்பிவிட வேண்டும் என்று தொடக்கத்திலேயே தீர்மானம் எழுதி, உரிமையாளர் சங்கமும் குடியிருப்போர் சங்கமும் மன்றமும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள்.